காங்கோ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்

"சார், காங்கோவுக்குத்தான் போகுது. டர்பன்ல இறக்கி லாரியில ஏத்தி விட்டுடுங்க, மூணு நாளில் போயிடும்ல?"

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் செய்கிற ஒருவர் போனில் கேட்ட கேள்வி இது. நான் தூத்துக்குடிக்காரன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் வேலையில், அதாவது வருகிற சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துச் சேருமிடத்துக்கு அனுப்புகிற வேலையில், 14 வருஷமாக இருக்கிறேன். இந்த மாதிரிக் கேள்வி மாதத்துக்கு இரண்டு தடவையாவது வரும் என்பதால் அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று நாளெல்லாம் ஆகாது சார், மூன்று எல்லை தாண்ட வேண்டும், நல்ல வாரமாக இருந்தால் பத்து நாள், இல்லையென்றால் இன்னும் கூட ஆகும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என் மனதில் இருந்தது லுபும்பாஷி. எங்களிடம் வருகிற காங்கோ சரக்கில் பெரும்பகுதி அந்தத் தாமிரச் சுரங்கப் பக்கம்தான் போகும். வேறு எங்காவது இருக்குமோ என்று கேட்கத் தோன்றவே இல்லை.

பி.எல்.லில் (கப்பல் கம்பெனி தருகிற சரக்கு ரசீது) இறக்கும் துறைமுகம் டர்பன், சேருமிடம் 'டி.ஆர். காங்கோ', அதாவது காங்கோ ஜனநாயகக் குடியரசு, என்று மட்டும் இருந்தது. கன்டெய்னர் இங்கே வந்து இறங்கி, லாரியும் பேசியாகிவிட்டது. டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழ்கிற சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த தம்பி ஒருவன்தான் எங்கள் ஆபீஸில் லாரி ஏற்பாடு பார்க்கிறான், நான்காம் தலைமுறைத் தமிழன். பேக்கிங் லிஸ்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த கன்சைனி (சரக்கைப் பெறுகிறவர்) முகவரியை அவன்தான் படித்தான்.

"அண்ணா, இது கின்ஷாசா."

விஷயம் தெரியாதவர்களுக்கு: லுபும்பாஷியும் தலைநகர் கின்ஷாசாவும் ஒரே நாடுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் ஏறக்குறைய 1,570 கிலோமீட்டர், அதாவது சென்னைக்கும் ஜெய்ப்பூருக்கும் உள்ள தூரம். கடிகாரமே வேறு, லுபும்பாஷியில் மணி பத்து என்றால் கின்ஷாசாவில் ஒன்பது. சரி, தூரம்தானே, ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். கன்டெய்னர் லாரி நம்பிப் போகிற மாதிரி முழுத் தார் ரோடு இரண்டுக்கும் நடுவில் கிடையாது. பழைய வழி என்னவென்றால் லுபும்பாஷியிலிருந்து இலேபோ வரை ரயில், அங்கிருந்து கசாய் ஆற்றில் படகு. அதை நம்பி யாராவது பம்ப் அனுப்புவார்களா? கின்ஷாசாவுக்குச் சரக்கு போகிற வழி அந்தப் பக்கம், அட்லாண்டிக்கில். காங்கோ ஆற்றுக்குள் ஏறி மட்டாடி துறைமுகம், அங்கிருந்து ரோட்டில் சுமார் 350 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய நாட்டுக்குக் கடற்கரை மொத்தம் 40 கிலோமீட்டர்கூட இல்லை.

ஆக, டர்பனில் இறக்கிய பெட்டியைத் திரும்பக் கப்பலில் ஏற்றி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மட்டாடிக்கு அனுப்பினோம். இரண்டாம் முறை கப்பல் வாடகை, யார்டு வாடகை, கன்டெய்னரைத் திருப்பித் தராமல் வைத்திருந்ததற்கான டிடென்ஷன் கட்டணம் எல்லாம் சேர்ந்து பம்ப்பின் லாபத்தைத் தின்றுவிட்டது. தப்பு அவருடையது மட்டும் இல்லை, கேட்காமல் விட்ட என்னுடையதும்தான். செலவில் ஒரு பங்கை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

அதற்கப்புறம்தான் ஆபீஸ் சுவரில் தொங்கிய உலகப் படத்தை நான் ஒழுங்காகப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் பார்த்த அதே படம், மெர்க்கேட்டர் முறையில் வரைந்தது. 1569ல் மாலுமிகளுக்காக வந்தது. உருண்டையில் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கி வந்து ஒன்று சேரும், இந்தப் படத்திலோ அவை பக்கத்துப் பக்கத்தில் நேராக நிற்கும். அப்படி நிற்க வைத்ததால் கிழக்கு மேற்காக இழுபடுகிற இடத்தை, திசை மாறாமல் இருக்க, வடக்கு தெற்காகவும் அதே அளவு இழுத்திருக்கிறார்கள். திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு அந்தப் பாதை படத்தில் நேர்கோடாக விழும். கடல்காரனுக்கு அருமையான படம், நான் குறை சொல்ல மாட்டேன். பரப்பளவு பார்க்கத்தான் அது ஆகாது.

கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவது இதனால்தான். அது பலருக்குத் தெரிந்த கதை (உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு). எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. அந்தப் படம் ஆப்பிரிக்காவுக்கு உள்ளேயே ஒரு நாட்டையும் இன்னொரு நாட்டையும் ஒழுங்காக ஒப்பிட விடுவதில்லை.

கணக்கு எளிதுதான். பூமத்திய ரேகையில் இழுப்பு இல்லை. 30 டிகிரி அட்சரேகையில் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடித் தெரியும், நம் டர்பன் கிட்டத்தட்ட அந்த 30ல்தான் இருக்கிறது. 60 டிகிரிக்குப் போனால் நான்கு மடங்கு. இப்போது காங்கோவைப் பாருங்கள், பூமத்திய ரேகை அதன் ஊடாகவே போகிறது, அதனால் படத்தில் அது தன் சொந்த அளவில்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவோ 22லிருந்து 35 டிகிரி வரை கிடக்கிறது, எல்லாப் பக்கமும் உப்பியிருக்கிறது. படத்தைப் பார்த்தால் காங்கோ தென்னாப்பிரிக்காவைவிட ஒன்றரை மடங்கு என்று தோன்றும். உண்மையில் தென்னாப்பிரிக்கா சுமார் 12.2 லட்சம் சதுர கிலோமீட்டர், காங்கோ சுமார் 23.45 லட்சம். இரண்டு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு.

அல்ஜீரியா கதை இன்னும் வேடிக்கை. ஆப்பிரிக்காவில் அதுதான் பெரிய நாடு, சுமார் 23.82 லட்சம் சதுர கிலோமீட்டர். இரண்டாவது இடத்தில் இருக்கும் காங்கோவோடு வித்தியாசம் 37,000 சதுர கிலோமீட்டர், நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. சுவர்ப் படத்தில் பார்த்தால் அல்ஜீரியா கால் பங்குக்கு மேல் பெரிதாக நிற்கும், வடக்கே 37 டிகிரி வரை போகிறதே. உங்கள் வீட்டில் இருப்பது 2011 ஜூலைக்கு முன் அச்சான படம் என்றால் அதில் அல்ஜீரியாவும் முதல் இடத்தில் இருக்காது, சூடான் இருக்கும். தெற்கு சூடான் பிரிந்ததும் சூடான் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது. பழைய அட்லஸை வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிற அப்பாக்களை எனக்குத் தெரியும்.

லட்சம் சதுர கிலோமீட்டர் என்றால் யாருக்கும் மனதில் எதுவும் தோன்றாது, எனக்கும்தான். அதனால் நான் தமிழ்நாட்டை ஒரு படியாக வைத்துக்கொண்டு அளக்கிறேன். தமிழ்நாடு சுமார் 1.3 லட்சம். அந்தக் கணக்கில் ஜிம்பாப்வே சொல்லி வைத்தாற்போல் மூன்று தமிழ்நாடு. மடகாஸ்கர் நாலரை, அதாவது 'சின்னத் தீவுதானே, எல்லா ஊருக்கும் ஒரே டெலிவரி சார்ஜ் போடுங்க' என்று கேட்கிறார்களே, அந்தச் சின்னத் தீவு. சரக்கு இறங்கும் டொமாசினாவிலிருந்து தலைநகர் அன்டனனரிவோ சுமார் 350 கிலோமீட்டர், அங்கிருந்து தென்மேற்கில் டுலியாராவுக்கு இன்னும் 900க்கு மேல். ஜாம்பியா ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. மொசாம்பிக் ஆறுக்குச் சற்று மேல், ஆனால் ஒல்லியாக நீண்டு கிடக்கிற நாடு, கடற்கரை மட்டும் ஏறக்குறைய 2,470 கிலோமீட்டர். அதன் தலைநகர் மபூட்டோ கீழ் மூலையில் நம் பக்கத்தில் இருப்பதால் 'மொசாம்பிக் உங்களுக்குப் பக்கம்தானே' என்பார்கள். மபூட்டோ பக்கம்தான், வடகோடியில் இருக்கிற பெம்பா பக்கம் இல்லை. தென்னாப்பிரிக்கா ஒன்பதரைக்குக் கொஞ்சம் குறைவு. காங்கோ பதினெட்டு.

பதினெட்டு தமிழ்நாடு. 'தமிழ்நாட்டுக்கு டெலிவரி' என்று முகவரி எழுதினால் எந்த லாரிக்காரனாவது வண்டியை எடுப்பானா?

இந்தத் தப்பு நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சாட்ஸ்வொர்த் தம்பிக்குத் தமிழ்நாடு என்றால் ஒரு பெரிய கிராமம் மாதிரி. 1860ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து அடுத்தடுத்து வந்த குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று, வீட்டில் எப்போதோ கேட்ட கதைகள்தான் அவனுக்கு ஊர். ஒரு நாள், "அண்ணா, உங்க டூட்டிகோரின்லேர்ந்து மெட்ராஸ் ஒரு மணி நேரம் இருக்குமா?" என்று கேட்டான். அறுநூறு கிலோமீட்டர்டா தம்பி, டர்பனிலிருந்து ஜொகானஸ்பர்க் போவதைவிடக் கொஞ்சம் கூட என்றேன். நம்பவில்லை. அப்புறம் ஒன்று சொன்னேன்: நீ ஜொகானஸ்பர்க் போகிற என்3 ரோட்டில் வான் ரீனன் கணவாய் ஏறியதும் ஆரம்பிக்கிறதே ஃப்ரீ ஸ்டேட் மாகாணம், அதன் பரப்பு 1,29,825 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டோடு கிட்டத்தட்டச் சரிசமம். அதைக் கேட்டதும் பேசாமல் இருந்தான். ஹாரிஸ்மித்தில் லாரி நிறுத்தி டீ குடித்துவிட்டுச் சோளக்காட்டுக்கு நடுவே மணிக்கணக்கில் போகிற அந்த வெட்டவெளி அவனுக்கு நன்றாகத் தெரியும். ஃப்ரீ ஸ்டேட்டில் இருப்பது ஏறக்குறைய 30 லட்சம் பேர்.

"அங்க எத்தனை பேரு?"

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாடு 7 கோடியைத் தாண்டிவிட்டது என்றேன். "எல்லாரும் எங்க நிப்பாங்க அண்ணா?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

பரப்பை வைத்து வியாபாரம் கணக்குப் போடுகிறவர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. நைஜீரியா சுமார் 9.24 லட்சம், நமீபியா சுமார் 8.25 லட்சம், படத்தில் அண்ணன் தம்பி மாதிரித்தான் தெரியும். நைஜீரியாவில் 20 கோடிக்கு மேல் ஆட்கள், நமீபியாவில் 30 லட்சம். நமீபியாவுக்கு ஒரு கன்டெய்னர் பனியன் அனுப்பிவிட்டு 'இவ்வளவு பெரிய நாட்டில் விற்கவில்லையே' என்று திருப்பூரிலிருந்து வருத்தப்பட்டவர் ஒருவரும் எனக்கு வாடிக்கையாளராக இருந்தார். இங்கே உள்ளூரிலேயே பாருங்கள், ஜொகானஸ்பர்க் இருக்கிற கௌடெங் 18,000 சதுர கிலோமீட்டர்தான், நாட்டில் அதுதான் சின்ன மாகாணம், ஆனால் 2022 கணக்குப்படி ஒன்றரைக் கோடிப் பேர். வடக்கு கேப் மாகாணம் அதைப்போல் இருபது மடங்கு, அதில் இருப்பவர்கள் 14 லட்சம்கூட இல்லை.

சின்ன நாடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அவற்றில் யாரும் பெரிதாக ஏமாறுவதில்லை. எஸ்வாத்தினி கௌடெங்கைவிடக் கொஞ்சம் சின்னது. லெசோத்தோ இலங்கையில் பாதிகூட இல்லை, நாலு பக்கமும் தென்னாப்பிரிக்காதான். பெருநிலத்தில் ரொம்பச் சின்னது காம்பியா, ஓர் ஆற்றின் இரண்டு கரையும் சேர்ந்ததுதான் நாடு. மொரீஷியஸ் என் தூத்துக்குடி மாவட்டத்தில் பாதி இருக்காது.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் வேலை கிடைத்த ஒரு பையனின் அம்மா, டர்பனில் அவர்களுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், சனி ஞாயிறு போய்ச் சாப்பிட்டு வருவான் என்று நிம்மதியாக அனுப்பி வைத்தார். ரோட்டில் 2,000 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் ஜிம்பாப்வே முழுசும். அவன் இங்கே வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் விமானத்தில், தைப்பூசக் காவடிக்கு.

தூரமோ பரப்போ பார்க்க வேண்டும் என்றால் என் வழி இதுதான்: பையனுக்காக வாங்கிய பூகோள உருண்டை ஒன்று என் மேஜையில் இருக்கிறது, அதில் தையல் நூலை வைத்து இழுப்பேன். டர்பனில் ஒரு முனை, லுபும்பாஷியில் மறு முனை, அந்த நீளத்தை அப்படியே எடுத்து கன்னியாகுமரியிலிருந்து வடக்கே வைத்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும், நான் வாயே திறக்க வேண்டாம். ஆனால் அது நேர்கோடு. ரோட்டில் பைட்பிரிட்ஜ், சிருண்டு, கசும்பலேசா என்று மூன்று எல்லை தாண்டி சுமார் 2,700 கிலோமீட்டர். உருண்டை இல்லாதவர்கள் கம்ப்யூட்டரில் கூகுள் மேப்பைப் பின்னுக்கு இழுத்தால் உருண்டையாக மாறும், அதில் பார்க்கலாம். ஒரு நாட்டைப் பிடித்து இழுத்து இன்னொன்றின் மேல் வைத்து, இழுக்கும்போதே அளவு மாறுவதைக் காட்டுகிற இணையதளங்களும் இருக்கின்றன, பிள்ளைகளிடம் கொடுங்கள், விடமாட்டார்கள். தட்டைப் படத்தில் ஸ்கேல் வைத்து அளக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பூமத்திய ரேகைக்கு என்று போட்ட அளவுகோலை டர்பன் பக்கம் வைத்தால் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூட வரும்.

எங்களிடம் இப்போது சரக்கு விசாரிக்கிறவர்களிடம் நாடு எது என்று கேட்பதையே நிறுத்திவிட்டோம். ஊர் எது, அந்த ஊருக்குக் கிட்டத் துறைமுகம் எது, இரண்டுதான் கேள்வி. லுபும்பாஷி என்றால்கூட தான்சானியாவின் டார் எஸ் சலாம் துறைமுக வழி டர்பனைவிடத் தூரம் குறைவு என்று சொல்லிவிடுவேன், எங்களுக்கு ஒரு ஆர்டர் போனாலும் பரவாயில்லை. பம்ப்காரர் இப்போதும் எங்கள் வாடிக்கையாளர்தான்.

சுவரில் இருந்த படத்தையும் மாற்றியாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க ஒன்றியமே மெர்க்கேட்டரை விட்டுவிட்டுச் நாடுகளின் பரப்பை உள்ள விகிதத்திலேயே காட்டுகிற சமப் பரப்புப் படத்துக்கு மாற வேண்டும் என்கிற இயக்கத்துக்கு ஆதரவு சொன்னது, அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஈக்வல் எர்த் என்று 2018ல் வந்த முறையில் ஒரு படம் அச்சடித்து ஒட்டினோம். பழையதைக் கழற்றியபோது சுவரில் வெளுக்காத பச்சைப் பெயின்ட் பளிச்சென்று தெரிந்தது. புதுப் படம் அகலம் அதேதான், உயரம் குறைவு, அதனால் மேலே இரண்டு சாண் அப்படியே பச்சையாக நிற்கிறது. அந்த இடத்தில் தம்பி பைட்பிரிட்ஜில் எத்தனை லாரி நிற்கிறது என்று தினமும் எழுதி ஒட்டுகிறான்.