ஆர்த்தோடான்டிக்ஸ்: ‘நேர்’ போதாது, ‘சீர்’ வேண்டும்

பேச்சுவழக்கில் ‘பல்லுக்குக் கிளிப் போடுவது’ என்று சொல்லி முடித்துவிடுகிற மருத்துவப் பிரிவுக்கு ஏட்டில் வழங்கும் பெயர் ஆர்த்தோடான்டிக்ஸ். கிரேக்க மொழியில் ‘ஆர்த்தோஸ்’ என்றால் நேரான, சரியான என்று பொருள். ‘ஒடோன்ட்’ என்பது பல்லைக் குறிக்கும் வேர்ச்சொல். இவ்விரண்டையும் இணைத்து, பிரெஞ்சுப் பல் மருத்துவர் லெஃபுலோன் 1841-இல் ஆக்கிய சொல்லின் வழிவந்ததே இன்றைய பெயர். ‘பல்லை நேராக்குதல்’ என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

இந்தத் துறையும் நெடுங்காலம் பல்லையே பார்த்தது. அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் வகுத்த பாகுபாடு, மேல், கீழ் முதல் கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதை வைத்துக் கடியை, அதாவது வாய் மூடும்போது பற்கள் சேரும் விதத்தை, மூன்று வகைகளாகப் பிரித்தது. அது இன்றும் வழக்கில் இருக்கிறது. தலையை நிலைநிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து அளக்கும் முறையை 1931-இல் அமெரிக்காவில் பிராட்பென்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே வெளியிட்ட பிறகுதான், பல்லுக்குப் பின்னால் இருக்கும் தாடை கணக்குக்குள் வந்தது. ‘செபலோமெட்ரி’ எனப்படும் அம்முறையைத் தமிழில் தலையளவியல் எனலாம்.

எத்துப்பல், தெத்துப்பல் என்று நம்மிடம் நல்ல சொற்கள் உண்டு; ஆனால் அவை தோற்றத்தைச் சொல்லுமே தவிரக் காரணத்தைச் சொல்லா. எத்துப்பல்லோடு வரும் இரண்டு சிறுவர்களின் எக்ஸ்ரே படங்களை அருகருகே வைத்து, மண்டையோட்டின் அடிப்பகுதியை ஆதாரக் கோடாகக் கொண்டு தாடைகளின் கோணத்தை அளப்பதாகக் கொள்வோம். மேல்தாடைக்குப் பொதுவாக 82 பாகையும் கீழ்த்தாடைக்கு 80 பாகையும் இயல்பு. ஒருவனுக்கு 86, 80. மற்றவனுக்கு 82, 76. இருவருக்கும் வேறுபாடு 6 பாகைதான். கண்ணாடியில் தெரியும் பல்லும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கக்கூடும். ஆனால் முதலாமவனுக்கு மேல்தாடை முன்னே வந்திருக்கிறது, இரண்டாமவனுக்குக் கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது. வளரும் வயதில் ஒன்றுக்கு மேல்தாடையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் கருவியும், மற்றொன்றுக்குக் கீழ்த்தாடையை முன்னே நிறுத்திவைக்கும் கருவியும் பொருந்தும். வளர்ச்சி நின்றபின் அறுவைச் சிகிச்சை வரை போக நேரலாம்.

இவ்வளவையும் பிரித்தறியும் செயலை ‘டயக்னோசிஸ்’ என்பார்கள். ‘வேறுபிரித்து அறிதல்’ என்பதே அதன் கிரேக்கப் பொருள். வழக்கமாக எழுதும் ‘நோயறிதல்’ இங்கே ஒட்டவில்லை, ஏனெனில் பொருந்தாக் கடி பெரும்பாலும் நோயன்று, வளர்ச்சியின் ஒரு மாறுபாடு. ‘நிலையறிதல்’ என்பது என் விருப்பம்.

பல் சீரமைப்பு மருத்துவர்களுக்கான தொடர்கல்வி இன்று பெரும்பாலும் இந்த நிலையறிதலையும் சிகிச்சைத் திட்டமிடலையும் சுற்றியே அமைகிறது. புதைந்து கிடக்கும் கோரைப்பல்லின் இடத்தை முப்பரிமாணப் படத்தில் காண்பது, அந்தப் படத்தின் கூடுதல் கதிர்வீச்சு எந்த நோயாளிக்குத் தகும் என்று முடிவெடுப்பது, கழுத்துப் பகுதி முதுகெலும்புகளின் வடிவத்திலிருந்து வளர்ச்சிப் பருவத்தைக் கணிப்பது, சிரிக்கையில் உதடும் பல்லும் கொள்ளும் உறவைப் பதிவுசெய்வது ஆகியன அதில் இடம்பெறும். கணினி தானே வரைந்து தரும் பல்நகர்வுத் திட்டத்தை அப்படியே ஏற்காமல், எலும்பு அந்த நகர்வுக்கு இடந்தருமா என்று சோதிக்கவும் கற்க வேண்டியிருக்கிறது. திரையில் எல்லாப் பல்லும் நேராகத்தான் நகரும்!

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘நேர்பல்லியல்’ என்று சொல்லுக்குச் சொல் ஆக்கலாம். ஆனால் நேராக நிற்கும் பல்லும் எதிர்ப்பல்லோடு பொருந்தாமல் போகலாம். ‘பல் சீரமைப்பியல்’ என்பதே சிறந்தது. யாப்பில் ஒரு சீர் தனியே எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அடுத்த சீரோடு தளை தட்டினால் அது பிழைதான், பல்லும் அப்படியே. தாடையையும் முகத்தையும் சேர்த்துச் சுட்ட வேண்டிய இடங்களில், ‘ஆர்த்தோடான்டிக்ஸ் அண்ட் டென்டோஃபேஷியல் ஆர்த்தோபீடிக்ஸ்’ என்னும் துறையின் விரிந்த பெயருக்கு ஏற்பப் ‘பல்-முகச் சீரமைப்பியல்’ என்று எழுதலாம்.