கிலோகிராம் மாறியது, பாடக்குறிப்பு மாறியதா?

சிலபஸ் மாறும்போது மட்டும் பாடக்குறிப்பை எடுத்துத் திருத்துவது நம் கல்லூரிகளில் பழகிப்போன ஒன்று. தலைப்பு அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் செய்தி மட்டும் மாறும் இடங்கள் அதனால்தான் விடுபட்டுப்போகின்றன. முதலாண்டு இயற்பியலின் 'அலகுகளும் அளவீடும்' பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

2019 மே 20 முதல் கிலோகிராம், ஆம்பியர், கெல்வின், மோல் ஆகிய நான்குக்கும் புதிய வரையறை. பாரிசுக்கு அருகே செவ்ரில் இருக்கும் பிளாட்டினம்-இரிடியம் உருளையைக் கொண்டு கிலோகிராமை வரையறுப்பது அன்றோடு முடிந்தது. குவாண்டம் இயற்பியலின் அடிப்படை மாறிலியான பிளாங்க் மாறிலிக்கு 6.62607015 × 10⁻³⁴ ஜூல் வினாடி என்ற மாறாத மதிப்பைக் கொடுத்து, அதிலிருந்துதான் இப்போது கிலோகிராமைப் பெறுகிறார்கள்.

முதல் யூனிட்டில் இந்த வரியைச் சேர்த்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். மின்காந்தவியல் யூனிட்டில் இரண்டு இணைக் கம்பிகளை வைத்துச் சொல்லும் பழைய ஆம்பியர் வரையறை அப்படியே கிடக்கும். இரண்டு மதிப்பெண் வினாக்களின் விடைக்குறிப்பிலும் அந்த உருளையே இருக்கும். புதிய வரையறையைச் சரியாக எழுதிய மாணவிக்கு, அந்த விடைக்குறிப்பைப் பார்த்துத் திருத்துபவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். படித்து எழுதிய பிள்ளைக்கு இது பெரிய அநியாயம்.

அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துவிடவும் கூடாது. இணைக் கம்பிகளுக்கு இடையிலான விசைச் சூத்திரம் இன்றும் சரியே. 'வரையறை' என்ற தலைப்பை எடுத்துவிட்டுக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். வெற்றிடத்தின் உட்புகுதிறனுக்கு நாம் போடும் 4π × 10⁻⁷ கணக்குகளுக்குத் தாராளமாகப் போதும். ஒன்பது இலக்கம் வரை வேறுபாடே தெரியாது. அது 'துல்லியமான மதிப்பு' என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லை மட்டும் நீக்குங்கள். பனி, நீர், நீராவி மூன்றும் சேர்ந்து நிலைக்கும் முப்புள்ளியை வைத்துத்தான் முன்பு கெல்வினை வரையறுத்தார்கள்; அந்த 273.16 கெல்வினும் இப்போது அளந்தறியும் மதிப்புதான்.

பெரும்பாலும் தேடுவதில்தான் கோட்டை விடுகிறோம். குறிப்பு, ஸ்லைடு, வினா வங்கி, விடைக்குறிப்பு, ஆய்வகக் கையேடு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு 'உருளை', 'இரிடியம்', 'இணைக் கம்பி', 'முப்புள்ளி' என்று ஒவ்வொரு சொல்லாகத் தேட வேண்டும். தமிழ்வழிக் குறிப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், யூனிகோடில் தட்டித் தேடும்போது ஒன்றும் அகப்படாது. பிழையே இல்லை என்று நம்பிவிடுவோம். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும்.

3 கிரெடிட் பாடத்துக்குப் பொதுவாக 45 மணி நேரம். ஐந்து யூனிட் என்றால் யூனிட்டுக்கு 9. புதிதாக அரை மணி நேரம் சேர்த்தால் அந்த அளவுக்கு எதையாவது எடுத்தாக வேண்டும். டைன், எர்க் போன்ற பழைய சி.ஜி.எஸ். அலகுகளின் மாற்றக் கணக்குகளில் பாதியைத் தயங்காமல் எடுக்கலாம்.

முதல் பக்கத்தில் ஒரு சிறு அட்டவணை போடுங்கள்: தேதி, பக்கம், மாற்றம், காரணம், சரிபார்த்தவர். பழைய பதிப்பை அழிக்காமல் ஆண்டு குறித்து வையுங்கள். அரியர் எழுதுபவர்களுக்கு அந்த சிலபஸ்தான். அவர்களுடைய விடைக்குறிப்பிலும் புதிய வரையறைக்கு முழு மதிப்பெண் என்று எழுதிவிடுங்கள்.