ஜி.ஐ. பைப் என்றால் எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள்

களியக்காவிளையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை எந்தத் தெருவில் நிமிர்ந்து பார்த்தாலும் மொட்டைமாடிக்கு மேல் இரும்புப் பைப்பில் கூரைச்சட்டம் (டிரஸ்) போட்டு ஷீட் அடித்திருப்பது கண்ணில் படும். இடவப்பாதி மழை, ஐப்பசி மழை என்று வருடத்தில் இரண்டு மழைக்காலம், கூடவே உப்புக்காற்று. இப்படிப்பட்ட ஊரில் "ஜி.ஐ. பைப்தான், துருப்பிடிக்காது" என்ற பேச்சை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் ஜி.பி. பைப். ஏற்கெனவே துத்தநாகம் பூசிய தகட்டை வளைத்துச் செய்தது. பில்லில் 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம்) என்றிருந்தால் அது தகட்டின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து; வெளிப்பக்கம் 60 கிராம்தான், அதாவது சுமார் 8 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வெல்டிங் எல்லாம் முடித்தபிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தால் கதையே வேறு. ஐ.எஸ். 4759 என்ற இந்தியத் தரப்படி 2 மி.மீ. முதல் 5 மி.மீ.க்குள் தடிமன் உள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 460 கிராம், 5 மி.மீ.யும் அதற்கு மேலும் என்றால் 610 கிராம் ஏற வேண்டும். மைக்ரானில் சுமார் 64, 85. கடலோரக் காற்றில் (அரிப்பை வகை பிரிக்கும் ஐ.எஸ்.ஓ. 9223 தரத்தில் சி4 வகை) துத்தநாகம் ஆண்டுக்கு 2.1 முதல் 4.2 மைக்ரான் வரை கரையும். 8 மைக்ரான் எத்தனை மழைக்குத் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அலைத்தெறிப்பு படும் தூரத்தில் வீடு என்றால் இன்னும் மோசம்.

அந்த 8 மைக்ரானும் வெல்டு வைத்த இடத்தில் மிஞ்சாது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். வெல்டிங்கில் எழும் வெள்ளைப் புகை அதனால்தான். (அந்தப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். மூடிய அறையில் இந்த வேலை வேண்டாம்.) ஜாயின்டின் இருபுறமும் வெறும் இரும்பு. துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

முக்கியெடுப்பது என்று முடிவானால், வெல்டரிடம் முதலில் பேச வேண்டியது ஓட்டையைப் பற்றி. தொட்டியில் துத்தநாகம் 450 டிகிரியில் இருக்கும். முக்குவதற்கு முன் ஆசிட் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்வார்கள்; இரண்டு முனையும் அடைத்த பைப்புக்குள் அந்த ஆசிட் தண்ணீர் சிறிது தங்கினாலும் நீராவியாகிப் பைப் வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர் மேல் உருகிய உலோகம் தெறிக்கும். பைப் விட்டத்தில் கால்வாசி, சின்னப் பைப்பிலும் 10 மி.மீ.க்குக் குறையாமல், இரு முனையிலும் எதிரெதிர் மூலையில் ஓட்டை வேண்டும். ஒரே ஒரு ஓட்டை என்றால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும், அந்த இடத்தில் துத்தநாகம் பிடிக்காது. வெளியே பளபளப்பாகத் தெரியும், துரு உள்ளிருந்து தின்னும்.

வெல்டு மேல் படிந்த கசடை (சிலாக்) சுத்தியலால் முழுக்கத் தட்டி எடுக்க வேண்டும். மார்க் செய்த ஆயில் பெயின்டையும் சுரண்டிவிடுங்கள். இவை இரண்டுமே ஆசிட் தொட்டியில் கரைந்து நீங்காது. மேலே கறுப்புப் பொட்டாக வெறும் இரும்பு நிற்கும்.

லாரியில் வந்த சரக்கை ஈரத்தோடு அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினால் சில நாளிலேயே வெள்ளைப் பொடி பூக்கும். இடையில் ரீப்பர் கட்டை கொடுத்து, ஒரு பக்கம் சரிவாக அடுக்கினால் தண்ணீர் வடிந்து காற்று போகும்.

பொருத்தும்போது அறுத்த இடத்தையும் துளை போட்ட இடத்தையும் பளிச்சென்று தேய்த்து, ஜிங்க் ரிச் பெயின்ட் குறைந்தது 100 மைக்ரான் வரும்வரை அடிக்கச் சொல்லுங்கள். சில்வர் பெயின்ட் நிறத்தில் ஒத்துப்போகும், ஆனால் அதிலுள்ள அலுமினியம் இரும்புக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ளாது. அடியில் ரெட் ஆக்சைடும் கூடாது, துத்தநாகத் துகள் நேராக இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும்.