பின்னச்சு விகிதம் – சொல் விளக்கம்

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டறைகளில் 'டிஃப்' என்ற ஒரு சொல் மூன்று வேலை பார்க்கிறது. பழைய மோரிஸ் மைனர் காரின் பின்சக்கரங்களுக்கு நடுவே வயிறு பெருத்துத் தொங்கும் இரும்புக் கூடும் டிஃப். அதற்குள் இருக்கும் பற்சக்கரக் கூட்டமும் டிஃப். அந்தப் பற்கள் எத்தனைக்கு எத்தனை என்ற கணக்கும் டிஃப். "டிஃபை மாற்றினால் நெடுஞ்சாலையில் இரைச்சல் குறையும், அண்ணே" என்று பட்டறைத் தம்பி சொல்லும்போது அவர் கருதுவது மூன்றாவதை. வண்டிக்காரர் நினைத்துக்கொள்வது முதலாவதை. செலவை எண்ணி அவர் முகம் வாடிப்போகிறது. இந்த மூன்றாவது பொருளுக்குத் தமிழில் பின்னச்சு விகிதம் என்று சொல்லலாம்.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டியைக் கடந்து, வண்டியின் அடியில் நீளும் நடுத்தண்டு வழியாகப் பின்னால் வருகிறது. தண்டின் முனையில் ஒரு சிறிய பற்சக்கரம், அது பினியன். அது சுழற்றுவது பெரிய வளையப் பற்சக்கரத்தை; அது கிரவுன். பினியனில் 9 பல், கிரவுனில் 41 பல் என்றால், தண்டு ஏறத்தாழ நான்கரைச் சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று உருளும். 41-ஐ 9-ஆல் வகுத்தால் 4.555. அதுதான் பின்னச்சு விகிதம். கிரவுன், பினியன் இரண்டையும் தமிழாக்கியே தீர வேண்டும் என்று நான் அடம்பிடிக்க மாட்டேன். அந்தப் பெயர்கள் தம் வேலையைக் குழப்பமில்லாமல் செய்கின்றன.

டிஃபரென்ஷியல் என்பதோ வேறு உறுப்பு. வண்டி முடக்கில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுப்பது, கிரவுனோடு இணைந்து சுழலும் அந்தச் சிறு பற்சக்கரக் கூட்டம். வேறுபாட்டுப் பற்சக்கரம் என்று அதைச் சொல்லலாம். வேக விகிதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டும் ஒரே கூட்டுக்குள் குடியிருப்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவே.

இனி அச்சு. இது நமக்குப் புதிய சொல் அன்று. பாரம் மிகுந்தால் மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சும் முறியும் என்கிறார் வள்ளுவர்: 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்'. அதைவிட நம் பேச்சுக்கு நெருக்கமானது புறநானூற்றில் ஔவையார் பாடிய 102-ஆம் பாட்டு. உமணர் என்னும் உப்பு வணிகர்கள் வண்டி கட்டிப் புறப்படுகிறார்கள். எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியிலோ பண்டம் மிகுதி. 'அவல் இழியினும் மிசை ஏறினும்', அதாவது பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் அங்கே என்ன ஆகுமோ யார் கண்டது என்று, வண்டியின் கீழே 'சேம அச்சு' ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். இன்று நாம் ஸ்பேர் டயர் வைத்துக்கொள்வதுபோல அன்று மாற்று அச்சு. இழு திறன், பாரம், இறக்கம், ஏற்றம் என்று பின்னச்சு விகிதத்தைத் தீர்மானிக்கும் நான்கும் அந்தப் பாட்டிலேயே இருக்கின்றன.

அச்சு என்பதை வடமொழி 'அக்ஷ' என்பதன் வழி வந்ததாகச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதி காட்டுகிறது. இலத்தீனின் 'ஆக்சிஸ்', ஆங்கிலத்தின் 'ஆக்சில்' ஆகியவையும் அதே மூலக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆக, ஆக்சில் என்று சொல்பவரும் அச்சு என்று சொல்பவரும் தூரத்துப் பங்காளிகளைத்தான் அழைக்கிறார்கள். வடமொழித் தொடர்பே வேண்டாம் என்பவர்களுக்கு 'இருசு' இருக்கிறது. மாட்டு வண்டிக்காரர்களின் சொல், அழகான சொல். ஆனால் பேராவில் 'பின்னிருசு' என்றால் எந்தப் பட்டறையிலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. மாட்டு வண்டியின் இருசு சுழலாது. அச்சாணி காவலிருக்க, சக்கரம்தான் அதன்மேல் சுழலும். காரில் தண்டே சுழன்று சக்கரத்தைத் தள்ளுகிறது. அந்த இயக்கத்துக்கும் இடம் தரும் பொதுச்சொல்லாக அச்சு பொருந்துகிறது. மலாயில் இது 'கண்டார்'. டோல் சாவடிக் கட்டணப் பலகையைப் படித்தவர்களுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும். இரண்டு கண்டார், நான்கு சக்கரம் என்றால் முதல் வகுப்புக் கட்டணம்.

கியர் என்ற சொல்லுக்குப் பல்லோடு பிறப்பில் உறவே இல்லை. பழைய நார்ஸ் மொழியில் அதன் முன்னோர் சொல் உடுப்பு, உபகரணம் என்ற பொருளில் வழங்கியது. தமிழில் பற்சக்கரம் என்றால் வடிவம் கண்முன் வந்துவிடுகிறது. விகிதம் வடமொழியிலிருந்து வந்து பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் நிலைத்துவிட்டது. அதை மாற்றத் தேவையில்லை.

உண்மையான சிக்கல் பெயர்ச்சொல்லில் இல்லை, அதற்கு முன்னால் வரும் அடைமொழியில் இருக்கிறது. 'ஹை ரேஷியோ', 'லோ ரேஷியோ' என்கிறார்கள். எண்ணைப் பார்த்தால் 4.555 பெரியது, 3.9 சிறியது. ஆனால் பட்டறை வழக்கில் 3.9-தான் 'ஹை', ஏனென்றால் அதில் வண்டி அதிக வேகம் போகும். இந்த வழக்கைத் தமிழில் 'உயர் விகிதம்' என்று அப்படியே பெயர்த்தால், எண் தெரிந்தவர் ஒன்றை நினைப்பார், வண்டி தெரிந்தவர் மற்றொன்றை நினைப்பார். உதிரிப் பாகம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பிறகுதான் நினைத்தது இது இல்லை என்று தெரியும். ஆகையால் உயர்வு தாழ்வை விட்டுவிட்டு, செய்கிற வேலையைக் கொண்டு பெயரிடலாம் என்பது என் கட்சி. எண் பெரிதானால் ஏற்ற விகிதம். பாரத்தை இழுக்கும், மேட்டில் ஏறும். எண் சிறிதானால் ஓட்ட விகிதம். சமவெளியில் எஞ்சினை அலட்டாமல் ஓடும். இதில் தடுமாற இடமில்லை.

1950-களிலிருந்து மோரிஸ் மைனரின் வரலாறே ஏற்ற விகிதத்திலிருந்து ஓட்ட விகிதத்துக்கு நகர்ந்த வரலாறுதான். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்த வண்டி 1948-இல் லண்டன் கார் கண்காட்சியில் அறிமுகமானது. 1952-இல் வந்த 803 சிசி எஞ்சினுக்கு 30 குதிரைத்திறன்தான். அந்தச் சின்ன எஞ்சினுக்குப் பின்னால் பெரும்பாலும் 5.375 விகிதம், அதாவது 43-க்கு 8. 1956-இல் 948 சிசி, 37 குதிரைத்திறன், விகிதம் 4.555. 1962-இல் 1098 சிசி, 48 குதிரைத்திறன்; விகிதம் 4.22, அதாவது 38-க்கு 9. எஞ்சினுக்குத் திறன் கூடக் கூட, தயாரிப்பாளர்கள் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள்.

ஏன் 4.5 என்று முழுசாக வைக்காமல் 4.555 என்று வாலை நீட்டினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 36-க்கு 8 என்று வைத்தால் 4.5 வரும். ஆனால் இரண்டு எண்ணுக்கும் பொதுவான வகுஎண் இருப்பதால், பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் அதே சில பற்களையே திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒரு பல்லில் சிறு வடு இருந்தால் அதன் எதிர்ப்பற்கள் மட்டும் விரைவில் தேயும். 41-க்கும் 9-க்கும் பொது வகுஎண் இல்லை. ஆகவே ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பக்கத்துப் பற்கள் அத்தனையையும் சுற்றிச் சந்தித்த பிறகே பழைய இணைக்குத் திரும்புகிறது. தேய்மானம் சமமாகப் பரவுகிறது. 43-8, 38-9, 39-10, 41-11 எதை எடுத்துப் பார்த்தாலும் இதே ஏற்பாடுதான்.

நம் ஊர்ப்பக்கம் இந்த வண்டி ஓடிய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்துக் கிராணியாரும் பள்ளி ஆசிரியரும் செம்மண் பாதையில், பால்மரங்களுக்கு நடுவே மெதுவாகப் போவார்கள். சடக்குக்கு, அதாவது பெரிய சாலைக்கு, ஏறினாலும் முன்னால் ஒரு லாரி இருக்கும். மழைக்குப் பின் சேற்றிலிருந்து வண்டியை எழுப்புவதற்கு 5.375 பெரிய வரம். அந்த விகிதத்தில் நெடுந்தூரம் வேகமாகப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. 1994-இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. பெரும்பகுதியில் மணிக்கு 110 கிலோமீட்டர் வரை போகலாம். செம்மண்ணுக்காகப் பிறந்த எண்கள் அங்கே சிரமப்பட ஆரம்பித்தன.

கணக்கை எடுத்துப் பார்ப்போம். மைனரின் 14 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.8 மீட்டர் நகரும். நான்காம் கியரில் எஞ்சின் சுழற்சி அப்படியே பின்னால் போகும். 4.555 விகிதத்தில், எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால் வண்டி மணிக்கு 23.7 கிலோமீட்டர் போகும். 4.22-இல் 25.6. 3.9-இல் 27.7. 3.727-இல் 29. இப்போது 90 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும் என்றால், 4.555-இல் எஞ்சின் நிமிடத்துக்கு 3,800 சுற்றும், 4.22-இல் 3,500 சுற்றும், 3.9-இல் 3,250 சுற்றும் சுற்ற வேண்டும். 110 போகத் துணிந்தால் 4.555-இல் 4,640. அந்த 948 சிசி எஞ்சின் தன் 37 குதிரைத்திறனைத் தருவதே 4,750 சுற்றில்தான். அதாவது, முழு மூச்சையும் கொடுத்துக்கொண்டே ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் வரை ஓடச் சொல்கிறோம். மூன்றே முதன்மைத் தாங்கிகளில் (மெயின் பேரிங்) நிற்கும் பழைய எஞ்சினுக்கு இது கொடுமை. பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடக் கேட்காது.

அப்படியானால் எண்ணை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் உமணரின் 'மிசை ஏறினும்' வருகிறது. கோலகங்சாரிலிருந்து ஈப்போ வரும் வழியில் மெனோரா சுரங்கத்தை ஒட்டிய மலைப்பகுதி இருக்கிறதே, அதுதான் நம் ஊர்க்காரர்களின் தேர்வுக்களம். 948 எஞ்சினுக்கு 3.9 போட்டால், சமவெளியில் மெத்தென்று ஓடும் வண்டி இந்த ஏற்றத்தில் நான்காம் கியரைப் பிடித்து நிற்காது. மூன்றுக்கு இறங்கியாக வேண்டும். மூன்றாம் கியர் விகிதம் 1.412. அதை 3.9-ஆல் பெருக்கினால் 5.5. பழைய 803 வண்டி தன் கடைசிக் கியரில் ஓடிய 5.375-க்கு மிக அருகில்! எனவே மூன்றில் ஏறுவது அவமானமன்று. ஆனால் முதல் கியரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓடும்போதே கியர் சத்தமில்லாமல் விழ உதவும் ஒத்திசைவு வளையம் மைனரின் முதல் கியருக்குக் கிடையாது. வண்டி நிற்கும்போதுதான் சத்தமில்லாமல் விழும். ஓட்ட விகிதம் போட்ட வண்டியில் நான்கு பேரும் சாமான்களும் இருந்தால், மேட்டில் நின்று கிளம்புகையில் கிளட்ச் புகைந்து மணக்கும்.

என் தீர்ப்பு இது. 948 எஞ்சின் என்றால் 4.22 போதும்; அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. 1098 எஞ்சினில் ஏற்கெனவே 4.22 இருக்கிறது, பயணம் பெரும்பாலும் சமவெளியில்தான் என்பவர் 3.9-ஐ எண்ணிப் பார்க்கலாம், தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறுபவர் தொடாமல் இருப்பதே நல்லது. 1275 சிசி எஞ்சினைத் தூக்கி வைத்தவர்களுக்கு 3.9 அளவாகப் பொருந்தும், 3.727-ம் இழுக்கும். நல்லவேளையாக ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட், எம்ஜி மிட்ஜெட் ஆகிய சிறு வண்டிகளின் கிரவுன்–பினியன் கூட்டம் 948, 1098 மைனரின் பின்னச்சுக் கூட்டுக்குள் பொருந்துகிறது. 3.9-ம் 3.727-ம் வருவது அந்த வண்டிகள் வழியாகத்தான். கூட்டை வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். இரு பக்கத் தண்டுகளையும் உருவிவிட்டு, நடுத்தண்டைக் கழற்றினால், பற்சக்கரக் கூட்டம் முன்பக்கமாக முழுசாக வெளியே வந்துவிடும். செலவை எண்ணிக் கலங்கியவர் இந்த இடத்தைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாங்கும் முன் தன் வண்டியில் இப்போது எது இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஐம்பது அறுபது ஆண்டு ஓடிய வண்டிக்குள் யார் எதைப் போட்டார்கள் என்று ஆவணம் சொல்லாது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். மற்றது தரையில் அசையாமல் இருக்கட்டும், முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். கியர் நியூட்ரலில், கைப்பிரேக் விடுபட்டு இருக்க வேண்டும். டயரிலும் நடுத்தண்டிலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தை முழுசாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஒரு சக்கரம் நின்று மற்றது இரண்டு சுற்றினால் கிரவுன் ஒரு சுற்றுதான் சுற்றும். அது வேறுபாட்டுப் பற்சக்கரத்தின் வேலை. அப்போது தண்டு எத்தனை சுற்றியது என்று பாருங்கள். நான்கரையைச் சற்றுத் தாண்டினால் 4.555. நான்கேகாலை எட்டாமல் நின்றால் 4.22. நான்குக்கே ஒரு விரல்கடை குறைந்தால் 3.9. ஐயம் இருந்தால் சக்கரத்தைப் 18 சுற்று சுற்றுங்கள்; தண்டு 41 சுற்றினால் 4.555, 38 சுற்றினால் 4.22. இதை ஒருவர் சக்கரத்தடியிலும் ஒருவர் தண்டருகிலும் இருந்து செய்வதே வசதி.

உதிரிப் பாகம் கேட்டு எழுதும்போது ஏற்ற விகிதம், ஓட்ட விகிதம் என்றெல்லாம் எழுத வேண்டாம். அவை நமக்குள் பேசிக்கொள்ள. கடைக்காரருக்குப் பல் எண்ணிக்கையை எழுதுங்கள்: 3.9 வேண்டுமானால் 39-க்கு 10.

மாற்றிய பிறகு வேகமானியை நம்பக் கூடாது. அதற்குரிய கம்பி கியர் பெட்டியின் பின்முனையிலிருந்து புறப்படுகிறது. பின்னச்சில் நடந்த மாற்றம் அதற்குத் தெரியாது. 4.555 இருந்த இடத்தில் 3.9 வந்தால், முள் 90 காட்டும்போது வண்டி 105 போய்க்கொண்டிருக்கும். கூட்டரசுச் சாலையில் 90-தான் எல்லை. கேமராவுக்கு உங்கள் முள் தெரியாது. ஸ்மித்ஸ் வேகமானியின் முகப்பில் பொடி எழுத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு மைலுக்குக் கம்பி எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது அது. புதிய விகிதத்தையும் டயர் அளவையும் அந்த எண்ணோடு சேர்த்துச் சொன்னால், கருவி பழுதுபார்ப்பவர் முள்ளைத் திருத்திக் கொடுப்பார்.