காசிக்குப் போகும் வழியில் தில்லியில் ஒரு பகல்

காசி யாத்திரைக் குழுக்களை வடக்கே அழைத்துப் போவது என் தொழில். என்னுடன் வருபவர்களில் பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டியவர்கள். தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் தில்லிக்கு வந்து, அன்றிரவே வேறு வண்டி பிடித்துக் காசிக்குப் போவது பல குழுக்களின் வழக்கம். இடையில் ஒரு பகல் கிடைக்கிறது. வாழ்நாளில் தலைநகரைப் பார்க்க அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே பகல் பெரும்பாலும் அதுதான். அதை விற்பவர்கள் எப்படி விற்கிறார்கள், வாங்குபவர்கள் எதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் இதை எழுதுகிறேன்.

துண்டுப் பிரசுரத்தைப் பாருங்கள். செங்கோட்டை, ஜும்மா மசூதி, ராஜ்காட், இந்தியா கேட், குடியரசுத் தலைவர் மாளிகை, பிர்லா மந்திர், தாமரைக் கோவில், குதுப்மினார், அக்‌ஷர்தாம் என்று ஒரே நாளில் ஒன்பது இடங்கள் போட்டிருக்கும். நாற்பது பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு முழங்கால் வலி. எல்லோரும் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஓரிடத்தில் கூடி, திரும்ப வந்து ஏறி, தலை எண்ணி முடிக்க ஓர் இடத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கும். ஒன்பது இடங்களுக்கு நாலரை மணி நேரம் ஏறி இறங்குவதிலேயே கரைந்துவிடும். இதோடு தில்லியின் போக்குவரத்து நெரிசல், சாப்பாடு, சால்வைக் கடையில் ஒன்றரை மணி நேரம். மிச்சத்தில் எதைப் பார்ப்பது? செங்கோட்டையின் சுவரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "செங்கோட்டை பார்த்தாயிற்று" என்று ஊருக்கு போன் செய்வார்கள். எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தச் சுவருக்குப் பின்னால் 1639இல் ஷாஜகான் கட்டத் தொடங்கிய ஓர் அரண்மனை நகரமே இருக்கிறது. அதற்குள் போக டிக்கெட்டே எடுக்கப்படவில்லை.

ஆகவே பணம் கட்டும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை இடம் என்பதல்ல. எந்த இடத்துக்கு உள்ளே போகிறோம், அங்கே எவ்வளவு நேரம் இருப்போம், நுழைவுக் கட்டணம் யாருடையது என்று கேளுங்கள். கடைக்கு எவ்வளவு நேரம் என்பதையும் முகம் பார்த்துக் கேளுங்கள். கடைக்காரர் தரும் கமிஷனில் ஓடும் சுற்றுலாக்கள் உண்டு. அங்கே குழு கடைக்குள் இருக்கும் நேரம்தான் அவர்களுக்கு வருமானம்.

அடுத்தது கிழமை. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். திங்கட்கிழமையில் செங்கோட்டை கிடையாது, தாமரைக் கோவில் கிடையாது, அக்‌ஷர்தாம் கிடையாது, தேசிய அருங்காட்சியகம் கிடையாது, காந்தியின் நினைவு இல்லமான காந்தி ஸ்மிருதியும் கிடையாது. குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும். சாந்தினி சவுக்கில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஜனவரியில் குடியரசு தின அணிவகுப்புக்கும் அதன் ஒத்திகைக்குமாக, முன்பு ராஜபாதை என்று சொன்ன கர்த்தவ்ய பாதையை அடைத்துவிடுவார்கள். ஆகஸ்ட் 15க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டைக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள்.

கிழமையைத் தெரிந்துவைத்திருப்பது ஏமாறாமல் இருக்கவும் உதவும். "இன்றைக்குச் செங்கோட்டை மூடல், நான் வேறு நல்ல இடம் காட்டுகிறேன்" என்று ஆட்டோக்காரர் ஒருவர் சொல்வார். அந்த நல்ல இடம் ஒரு கம்பளக் கடையாக இருக்கும். வியாழக்கிழமையன்று அப்படிச் சொன்னால் பொய் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். புதுதில்லி ரயில் நிலைய வாசலில் இன்னொரு வகை ஆட்கள் நிற்பார்கள். கழுத்தில் அட்டை தொங்கும். உங்கள் இரவு வண்டி ரத்தாகிவிட்டது, டிக்கெட்டில் முத்திரை வாங்க வேண்டும் என்று எதையாவது சொல்லி ஒரு தனியார் அலுவலகத்துக்கு அழைப்பார்கள். ரயில் ரத்தானால் உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். 139க்கு அழைத்தும் கேட்கலாம். வாசலில் நிற்பவரிடம் டிக்கெட்டைக் கையில் கொடுக்கவே கூடாது.

சரி, அந்தப் பகலில் என்னதான் பார்ப்பது? ஊரின் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள் என்பேன். முதியவர்கள் அதிகம் உள்ள குழுவுக்கு நான் சொல்வது மெட்ரோவின் மஞ்சள் தடம். புதுதில்லி ரயில் நிலையத்தின் அஜ்மேரி கேட் பக்கத்தில் மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கே ஏறினால் எங்கும் வண்டி மாறாமல் குதுப்மினார் போகலாம். திரும்பும் வழியில் லோக் கல்யாண் மார்க் நிலையத்தில் இறங்கினால் காந்தி ஸ்மிருதி, மத்தியச் செயலகம் நிலையத்தில் இறங்கினால் கர்த்தவ்ய பாதை, ராஜீவ் சவுக்கில் இறங்கினால் கன்னாட் பிளேஸில் நம் ஊர்ச் சாப்பாடு. எல்லாம் ஒரே தடம். நிலையத்திலிருந்து இடத்துக்கு ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். குதுப்மினார் நிலையத்திலிருந்து கோபுரம் வயதானவர்கள் நடக்கும் தூரத்தில் இல்லை. பெண்களுக்கு வண்டி போகும் திசையில் முதல் பெட்டி.

மெட்ரோவுக்குள் போகும்போது பைகளை எக்ஸ்ரேயில் விடுவார்கள். சுருக்குப்பையில் இருக்கும் பாக்குவெட்டி அங்கே மாட்டும். ஐம்பது வருடமாகக் கூடவே இருக்கும் பாக்குவெட்டியை விட்டுவிட்டு வரச் சொன்னால் எந்தப் பாட்டிக்கு மனம் வரும்? பழம் நறுக்கும் கத்தியையும் சேர்த்து, எல்லாவற்றையும் காலையிலேயே பெரிய பையோடு ரயில் நிலையக் காப்பறையில் வைத்துவிடச் சொல்லுங்கள். காப்பறையில் பூட்டுப் போட்ட பையைத்தான் வாங்குவார்கள். கட்டைப்பையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே ஆளுக்கொரு சிறு பூட்டு. பயணச்சீட்டும் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். காப்பறைக்குப் போகும் பையில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் போய்விடாமல் பார்ப்பதுதான் மிக முக்கியம். மதியச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை பூட்டிய பைக்குள் இருந்தால், அன்றைய திட்டம் முழுவதும் அங்கேயே நின்றுவிடும்.

குதுப்மினார் காலையிலேயே திறந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். 72.5 மீட்டர் உயரம். குத்புதீன் ஐபக் தொடங்கி, இல்துத்மிஷ் தொடர்ந்து எழுப்பியது. உள்ளே ஏற முடியாது. 1981இல் படிக்கட்டு இருளில் ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். அதன்பின் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். முழங்கால் வலிக்காரர்கள் இதற்காக வருந்த வேண்டாம், பார்க்க வேண்டியவை கீழேதான் இருக்கின்றன. மற்ற குழுக்கள் கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் கிளம்பிவிடும். நீங்கள் பக்கத்தில் உள்ள பழைய மசூதியின் தூண்களுக்கு நடுவே உட்காருங்கள். இருபத்தேழு கோவில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அதன் கிழக்கு வாசல் கல்வெட்டே சொல்கிறது. நம்மவர்கள் கோவில் தூண் பார்த்தே வளர்ந்தவர்கள். சங்கிலியில் தொங்கும் மணி, பூரண கும்பம், கொடிபோல் வளைந்தோடும் கொடிக்கருக்கு வேலை எல்லாம் அவர்கள் கண்ணில் தானாகப் படும்.

மாமல்லபுரத்துப் பக்கம் கல்வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் குழுவில் வந்திருந்தார். வழிகாட்டி சொல்வதைக் கேட்காமல் ஒரு தூணை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இது ஒரே தூண் இல்லை. உயரம் போதாமல் ஒன்றின் தலையில் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். கீழே இருப்பவன் வேலை வேறு, மேலே இருப்பவன் வேலை வேறு. உளி பிடித்த கையே வேறு" என்றார். சொன்னபடியே பொருத்து இருந்த இடத்தை விரலால் காட்டினார். அதற்குப் பிறகு குழுவில் எல்லோரும் தூண் தூணாகப் பொருத்துத் தேடத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அவர்களைக் கிளப்ப மனம் வரவில்லை. திட்டத்தில் இடம் ஒன்று குறைந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அதே முற்றத்தில் நிற்கும் இரும்புத்தூணுக்கு வயது ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஏழு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை. சந்திரன் என்ற அரசனைப் புகழும் பிராமிக் கல்வெட்டு அதில் இருக்கிறது. இரண்டாம் சந்திரகுப்தன் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. விஷ்ணுவுக்காக நாட்டிய கொடிமரம் என்று அந்தக் கல்வெட்டே சொல்வதைக் கேட்டால் நம்மவர்கள் கைகூப்பிவிடுவார்கள். அது ஏன் துருப்பிடித்து அழியவில்லை என்பதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம். இரும்பில் உள்ள அதிகப்படியான பாஸ்பரஸ் மேற்பரப்பில் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியிருக்கிறது என்பது அவர் தந்த விளக்கம்.

இப்போது பலரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயம். குழுவில் வரும் பெண்கள் கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பதில்லை. கேட்டால் "எனக்குத் தாகமில்லை" என்பார்கள். தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடும். மாலையில் தலைசுற்றல், மறுநாள் காசியில் சிறுநீர் எரிச்சல், காய்ச்சல். யாத்திரையின் முக்கியமான நாளில் அறையில் படுத்துக்கிடப்பார்கள். இதற்கு மருந்து திட்டத்தில்தான் இருக்கிறது. நான் எந்த இடத்துக்குப் போனாலும் கழிப்பறையை முதலில் காட்டிவிட்டுத்தான் கல்வெட்டைப் பற்றிப் பேசுவேன். குதுப்மினார் போன்ற பெரிய நினைவிடங்களின் வளாகத்தில் வசதி உண்டு. அங்கே ஒருமுறை, சாப்பிடும் இடத்தில் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை என்று சொல்லிவைத்துவிட்டால் அவர்கள் தைரியமாகத் தண்ணீர் குடிப்பார்கள். உங்கள் தாயாரை ஏதாவது ஒரு குழுவில் அனுப்புகிறீர்கள் என்றால் அழைத்துப் போகிறவரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள். சங்கடப்பட இதில் ஒன்றுமில்லை.

காந்தி ஸ்மிருதியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. காந்தி கடைசி 144 நாட்கள் தங்கியிருந்த வீடு. 1948 ஜனவரி 30 மாலை, அறையிலிருந்து பிரார்த்தனை மைதானத்துக்கு அவர் நடந்த காலடிகளைப் பாதையில் பதித்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை, கூட்டமும் பெரும்பாலும் இல்லை. ராஜ்காட்டையும் இதையும் பார்த்தவர்கள் இதைத்தான் பிறகு நினைவில் வைத்துப் பேசுகிறார்கள்.

மாலைக்கு இந்தியா கேட் அருகே உள்ள தேசியப் போர் நினைவகம். 2019இல் திறந்தது, கட்டணம் கிடையாது. இந்தியா கேட்டில் இருப்பவை பிரிட்டிஷ் இந்தியப் படையினரின் பெயர்கள். சுதந்திரத்துக்குப் பின் உயிர் கொடுத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். வட்ட வட்டமாக எழும் கருங்கல் சுவர்களில், கல்லுக்கு ஒரு பெயராகப் பொன்னிற எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். திறந்தபோதே 25,942 பெயர்கள். போரில் காட்டும் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் தனியே இருக்கின்றன. 1987இல் இலங்கையில் உயிரிழந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சிலையும் அங்கே உண்டு. வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் படைக்குப் போனவர்கள் இருப்பார்கள். அப்படி ஒருவர், தன்னோடு பணியாற்றிய நண்பரின் பெயரைத் தேடிச் சுவர் சுவராக நடந்தார். கண்டுபிடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். சூரியன் மறையும் முன் இங்கே தினமும் ஒரு சடங்கு நடக்கும். உயிர் நீத்த வீரர் ஒருவரின் குடும்பத்தினர் மலர்வளையம் வைப்பார்கள். அதற்கு நேரம் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்‌ஷர்தாம் வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். போகலாம், ஆனால் அந்தப் பகலில் வேறெதுவும் வேண்டாம். போனையும் பையையும் ஒப்படைத்து, சோதனை முடிந்து உள்ளே போய் வெளியே வருவதற்கு அரை நாள் போய்விடும். போன் இல்லாத நாற்பது பேரை மீண்டும் கூட்டுவது தனி வேலை. வெளியே கூடுமிடத்தை முன்பே காட்டிவிடுங்கள். ஆக்ராவையும் அதே பகலில் சேர்ப்பதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். போகவும் வரவும் நானூறு கிலோமீட்டருக்கு மேல். வெள்ளிக்கிழமையில் தாஜ்மகால் மூடல் வேறு.

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மூடுபனி. தெற்கிலிருந்து வரும் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாகும். காலையில் சேர வேண்டிய வண்டி மதியம் சேர்ந்தால் குதுப்மினாரை விட்டுவிடுங்கள். போர் நினைவகம் மட்டும் போதும். ஓடி ஓடி எல்லாவற்றையும் பிடிக்க நினைத்தால் இரவு வண்டியைத் தவறவிடுவீர்கள்.

இரவு வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தில்லியில் ரயில் நிலையங்கள் பல. திருக்குறள் எக்ஸ்பிரஸில் வந்தவர்கள் ஹஸ்ரத் நிஜாமுதீனில் இறங்கியிருப்பார்கள். காசி வண்டி புதுதில்லியிலிருந்தோ, பழைய தில்லியிலிருந்தோ, ஆனந்த் விஹாரிலிருந்தோ கிளம்பலாம். அப்படியானால் பையை இறங்கிய இடத்தில் வைக்காமல் ஏறும் இடத்தில் வையுங்கள். புதுதில்லி நிலையத்துக்கு இரண்டு பக்கம் வாசல். முதல் நடைமேடை பகார்கஞ்ச் பக்கம், பதினாறாம் நடைமேடை அஜ்மேரி கேட் பக்கம். நடுவில் இருக்கும் மேம்பாலத்தைப் பைகளோடு கடப்பது முதியவர்களுக்குக் கடினம். ஆகவே நடைமேடை எண்ணைத் தெரிந்துகொண்டு, எந்தப் பக்கம் இறக்கிவிட வேண்டும் என்று ஆட்டோக்காரரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.