குரோஷாவுக்கு தமிழ்ல என்ன பேரு? (மிச்ச நூல் போர்வையும் "செட்டு"ங்கிற சொல்லும்)

போன வாரம் காரைக்குடி பக்கத்துல எங்க ஆயா வீட்ல ரெண்டாங்கட்டு ரூம்ல இருந்த தகரப் பெட்டிய திறந்தோம், அடியில ஆயா பின்னுன போர்வை அப்படியே இருந்துச்சு. கட்டம் கட்டமா, ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் கலர் சம்பந்தமே இல்ல, ஸ்வெட்டர் பின்னி மிஞ்சுனது, கொட்டானுக்கு (ஓலைக் கூடைக்கு) மூடி பின்னி மிஞ்சுனதுன்னு எல்லா நூலும் அதுல இருக்கு. என் பொண்ணு அத தடவிப் பாத்துட்டு "குரோஷாவுக்கு தமிழ்ல என்னம்மா"ன்னு கேட்டா, எனக்கு சட்டுனு வாயில வரல.

குரோஷான்னா நுனியில கொக்கி இருக்கிற ஒத்த ஊசிய வச்சு நூல பின்றது. அது பிரெஞ்சுல இருந்து வந்த சொல். அங்க "குரோ"ன்னா கொக்கி, "குரோஷே"ன்னா சின்னக் கொக்கி. இங்கிலீஷ்காரங்க அப்படியே எடுத்துக்கிட்டாங்க, நம்ம வாயில அது குரோஷா ஆயிடுச்சு. ஜெர்மன்காரங்க சொல்ற "ஹேக்கெல்ன்"லயும் கொக்கி (ஹாக்கன்) தான் இருக்கு, ஸ்பானிஷ்லயும் கொக்கிக்கான சொல்ல வச்சுத்தான் பேரு. அப்ப நமக்கு மட்டும் என்ன தயக்கம்? கொக்கி நம்ம சொல்லு, கன்னடத்துலயும் தெலுங்குலயும் கூட இதே கொக்கி தான். அதனால கொக்கிப் பின்னல். அந்த ஊசிக்கு கொக்கி ஊசி. வளையத்துக்கு "லூப்"னு சொல்லவே வேணாம், கண்ணின்னு அழகான சொல்லு இருக்கு.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும், நம்ம ஊர்ல நிட்டிங்கையும் குரோஷாவையும் சேத்து "வுல்லன் பின்றது"ன்னு சொல்லிடுறோம், ரெண்டும் வேற வேற. நிட்டிங்குக்கு ரெண்டு ஊசி, ஒரு வரிசையில இருக்கிற அத்தனை கண்ணியும் ஊசியிலேயே நிக்கும், ஊசி நழுவுனா அத்தனையும் பிரிய ஆரம்பிச்சிடும். கொக்கிப் பின்னல்ல பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி தான் கொக்கியில இருக்கும், அந்த ஒண்ண இறுக்கி முடிச்சுட்டா வேலை எந்த இடத்துல வேணும்னாலும் நிக்கும். மிச்ச நூலுக்கு இது அவ்வளவு பொருந்துறதுக்கு காரணமே இது தான், கையளவு நூல் இருந்தா ஒரு கட்டம் போட்டு வச்சிடலாம், அடுத்த நூல் எப்ப கிடைக்குதோ அப்ப அடுத்த கட்டம், கடைசில எல்லாத்தையும் சேத்து இணைச்சா போர்வை. நூல் மெல்லிசா இருந்தா ரெண்டு இழையா சேத்துப் போடுவாங்க ஆயா, அப்பத்தான் கட்டமெல்லாம் ஒரே அளவா வரும்.

இப்ப செட்டுக்கு வர்றேன். "ஒரு செட்டு டம்ளர்"னு சொல்றது இங்கிலீஷ், அது வேற. நான் சொல்றது "செட்டா குடும்பம் நடத்துறா"ன்னு பெரியவங்க சொல்ற செட்டு. அகராதியில அதுக்கு வியாபாரம்னு ஒரு அர்த்தம், சிக்கனம்னு ஒரு அர்த்தம், செட்டிங்கிற சொல்லோட ஒட்டுன சொல்லு தான், அந்தச் சொல்லுக்கு மூலமா "சிரேஷ்டி"ங்கிற வடசொல்ல காட்டுவாங்க. ஆனா இத கஞ்சத்தனம்னு மாத்திப் புரிஞ்சுக்கிறவங்கள பாத்தா எனக்கு மனசு கஷ்டமாயிடும். கஞ்சன் செலவே பண்ண மாட்டான். செட்டுன்னா வாங்குறத நல்லதா வாங்கி கடைசி இழை வரைக்கும் பயன்படுத்துறது. எங்க ஆயா நூல் வாங்கும்போது விலை பாக்க மாட்டாங்க, சாயம் போகுமான்னு தான் பாப்பாங்க. 2019-ல புவிசார் குறியீடு வாங்குச்சே நம்ம கண்டாங்கி சேலை, அது கிழிஞ்சா தூக்கிப் போட்டதே இல்ல, தூளி ஆகும், அப்புறம் கைப்பிடித் துணி ஆகும். பழைய ஸ்வெட்டர பிரிச்சு, நூல நனைச்சு, சுருக்கம் போக கனம் கட்டி தொங்கவிட்டு, காஞ்சதும் கண்டா சுத்தி வைப்பாங்க. கண்டுன்னா நூல் உருண்டை, அதுவும் விட்டுடக்கூடாத சொல்லு.

கடைல கேக்கும்போது குரோஷா ஊசின்னு கேளுங்க, அது தான் அவங்களுக்குப் புரியும். எழுதும்போது கொக்கிப் பின்னல்னு எழுதுங்க. அந்தப் போர்வைக்கு நாங்க வீட்ல "செட்டுப் போர்வை"ன்னு பேரு வச்சிருக்கோம். ஓரம் பூரா ஒரே கலர்ல முடிக்க நூல் பத்தாம ஒரு பக்கம் ஊதா, ஒரு பக்கம் பச்சை, மூலையில நாலு விரக்கடை மஞ்சள், அந்த மஞ்சள் என் மொத ஸ்வெட்டரோட நூலுன்னு அம்மா சொன்னாங்க.