18 கிலோவும் இடுப்பெலும்பும்

1927 ஏப்ரலில் ஒரு நாள். அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், ஹாஃப் டோம் என்னும் மாபெரும் பாறையைப் படமெடுப்பதற்காக 25 வயது ஆன்சல் ஆடம்ஸ் நண்பர்களோடு பனி கிடந்த சரிவில் ஏறிக்கொண்டிருந்தார். முதுகில் 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ. கொரோனா வியூ கேமரா, சில லென்சுகள், இரண்டு ஃபில்டர்கள், ஃபிலிமுக்குப் பதிலாகப் படம் பதியும் 12 கண்ணாடித் தட்டுகள், கனத்த மர டிரைபாட். பாறைக்கு எதிரே போய் நின்றபோது மிச்சமிருந்தவை 2 தட்டுகள்தான். ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார், மனத்துக்கு ஒப்பவில்லை. கடைசித் தட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டர். வானம் கருத்துப் பாறை ஒளிர்ந்த அந்தப் படம்தான் ‘மோனோலித்’.

லார்ஜ் ஃபார்மட் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்கு அந்தப் படத்தோடு அந்த 18 கிலோவும் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட கனத்தைச் சுமக்க எந்த முதுகுப்பையை வாங்குவது என்பதுதான் இங்கே பேச்சு. இந்தக் கேமராக்களில் ஃபிலிம் சுருளாக வராது, தாள் தாளாக வரும். பரவலாகப் புழங்கும் 4×5 அங்குலத் தாளின் பரப்பு, 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்துக்குரிய பரப்பைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு. படத்தின் நுணுக்கத்துக்கும் அதுதான் காரணம், கனத்துக்கும் அதுதான் காரணம். பெட்டிபோல் மடங்கும் மரக் கேமரா ஒன்றரை முதல் 2 கிலோ. உலோகத்தில் செய்தது அதற்கும் மேல். மூன்று லென்சுகள் சேர்ந்தால் ஒரு கிலோவை எட்டிவிடும். தாளை ஒளி படாமல் வைத்திருக்கும் ஃபிலிம் ஹோல்டர் ஒன்று சுமார் 200 கிராம். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என 2 தாள்தான் அதில் பிடிக்கும். ஆக, 20 படம் எடுக்க 2 கிலோ. அப்புறம் டிரைபாட், லைட் மீட்டர், தலையில் போர்த்திக்கொள்ளும் கருப்புத் துணி, தண்ணீர். 12 கிலோ எளிதில் சேர்ந்துவிடும்.

பை வாங்கப் போகிறவர்கள் ‘எல்லாம் உள்ளே பிடிக்குமா?’ என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு: இந்த 12 கிலோ உடம்பில் எங்கே உட்காரப்போகிறது?

குடத்தில் தண்ணீர் எடுத்து வருபவர்களைப் பாருங்கள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு ஒரு திண்ணைபோல் நிற்கிறது. அதன்மேல் வைத்த பாரம் கால் எலும்புகள் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். தோளுக்கு அந்த வசதி கிடையாது. தோள்பட்டை எலும்பு, காரையெலும்பின் வழியாக மட்டுமே உடற்கூட்டோடு இணைந்திருக்கிறது. மற்றபடி அதைத் தூக்கி நிறுத்துபவை தசைகள்தான். மணிக்கணக்கில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் தசை களைத்துப்போகும். தவிர, கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை காரையெலும்புக்கு அடியில் ஓடுகிறது. குறுகலான வார் அங்கே அழுத்தினால் விரல்கள் மரத்துவிடும். மரத்த விரல்களால் சின்னஞ்சிறு ஷட்டர் நெம்புகோலைத் தள்ளுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு தோளில் தொங்கும் பையை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். காரிலிருந்து இறங்கி நூறடி நடப்பதற்குச் சரி, அவ்வளவுதான்.

இடுப்புப் பட்டை இருந்தால் மட்டும் போதுமா? போதாது. பாரத்தை இடுப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பைக்கு விறைப்பான ஒரு சட்டம் வேண்டும். சட்டம் இல்லாத பை கனத்தில் மடிந்து தொங்கும்; பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் பாரம் தோளில்தான் விழும். கலிஃபோர்னியாவின் டிக் கெல்ட்டி 1952இல் அலுமினியச் சட்டம் வைத்த பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். இடுப்புப் பட்டை பரவியதில் அவர் பங்கு பெரிது. 1967இல் கிரெக் லோ சட்டத்தைப் பைக்கு உள்ளேயே ஒளித்து வைத்தார். லோ மலையேறுபவர், கேமராக்காரரும்கூட. இன்றைக்குக் கேமராப் பைகளுக்குப் பேர்போன லோபுரோ அவர் தொடங்கியதுதான்.

அடுத்தது தூரம். பள்ளியில் படித்த திருப்புத்திறன் இங்கே வேலை செய்கிறது. 12 கிலோவின் எடை சுமார் 120 நியூட்டன். அதன் ஈர்ப்பு மையம் முதுகுத்தண்டிலிருந்து 20 செ.மீ. பின்னால் இருந்தால், நம்மைப் பின்னுக்குச் சாய்க்கும் திருப்புத்திறன் 24 நியூட்டன் மீட்டர். 30 செ.மீ. தள்ளிப்போனால் 36. ஒரு கிராம்கூடக் கூடவில்லை, பின்னுக்கு இழுப்பதோ ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. அதைச் சரிக்கட்ட நாம் முன்னால் குனிகிறோம், குனிந்தபடியே ஏறுகிறோம். அதனால் ஆழமான பையைவிட, முதுகை ஒட்டித் தட்டையாக நிற்கும் பையே மேல். கேமராவும் ஹோல்டர்களும் முதுகுப் பக்கம், துணியும் மழைச்சட்டையும் வெளிப்பக்கம். டிரைபாட்டைப் பையின் பின்புறம் கட்டினால் மையம் வெளியே போகும். பக்கவாட்டில் கட்டினால் எதிர்ப்பக்கம் தண்ணீர் பாட்டிலை வைத்துச் சமன் செய்ய வேண்டும்.

ஒற்றைத் தண்டின்மேல் முன்பின் நகரும் மோனோரெயில் கேமரா வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அது பெட்டியாக மடங்காது. தண்டிலிருந்து கழற்றி வைக்க இடம் உண்டா என்று பார்த்த பிறகே பையைத் தொடுங்கள்.

இத்தாலியின் விட்டோரியோ செல்லா 30×40 செ.மீ. கண்ணாடித் தட்டுகளோடு ஆல்ப்ஸ் ஏறியவர். அந்தக் கேமராவுக்காக முதுகுப்பைகளையும் பொதிச் சேணங்களையும் அவரே மாற்றி அமைத்துக்கொண்டார். அவர் வழியில்தான் நானும் யோசிக்கிறேன்: நல்ல மலையேற்றப் பையை வாங்கி, உள்ளே தடுப்புகளை நாமே வைத்துக்கொள்வது. கேமராவுக்கென்றே விற்கும் பைகள் பலவற்றில் மெத்தைக்குக் காட்டிய அக்கறையைச் சட்டத்துக்கும் பட்டைக்கும் காட்டியிருக்க மாட்டார்கள்.

மெத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் கேமரா, பாறையில் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றால், அது தாங்கும் சராசரி விசை அதன் எடையைப்போல் 500 மடங்கு. ஃபோம் 2 செ.மீ. அமுங்கிக் கொடுத்தால் அதே விசை 25 மடங்குக்கு இறங்கிவிடும். பிம்பத்தைப் பார்க்க உதவும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸ் நொறுங்குவதும் பிழைப்பதும் இந்த இடைவெளியில்தான். ஆனால் ஃபோம் அமுங்க வேண்டும், முழுக்க நசுங்கிவிடக் கூடாது. குளியல் ஸ்பாஞ்சுபோல் மெத்தென்றிருப்பது 2 கிலோ கேமராவுக்குக் கீழே சப்பையாகிவிடும்; காற்று அறைகள் மூடிய கெட்டி ஃபோம்தான் சரி.

தூசி இன்னொரு தலைவலி. ஃபிலிம்மேல் ஒரு துகள் உட்கார்ந்தால் அந்த இடத்தில் ஒளி படாது. அச்சில் அது கரும்புள்ளியாக நிற்கும். ஹோல்டரில் ஃபிலிமை மூடியிருக்கும் தகடான டார்க் ஸ்லைடை உருவும்போது உராய்வில் மின்னேற்றம் உண்டாகித் தூசியை இழுக்கவும் செய்யும். ஹோல்டர்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகளில் போட்டுப் பைக்குள் வையுங்கள். முதுகுப் பக்கமாகத் திறக்கும் பை இதற்கும் உதவும். அதன் வெளிமுகத்தைத் தரையில் கிடத்தித் திறப்பதால், முதுகில் படும் பக்கம் சேறாகாது. வெயிலில் நிற்கும் கருப்புப் பைக்குள் ஃபிலிம் வெந்துபோகும், வெளிர் நிறமே நல்லது.

கடைக்குப் போகும்போது உங்கள் கருவிகளையே எடுத்துப்போங்கள். கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை முதுகின் நீளத்தை அளந்து, அதற்கேற்ற அளவை எடுங்கள். 12 கிலோவையும் ஏற்றி, முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கி, பிறகு தோள் வார்களை மாட்டி, கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடங்கள். நடுவில் தோள் வார்களைத் தளர்த்திப் பாருங்கள். பை பின்னால் லேசாகச் சாய்ந்தாலும் கனம் இடுப்பிலேயே நின்றால் வாங்கலாம். கீழே வழுக்கினால், எத்தனை அறைகள் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.